கத்தரிக்காய் மிதந்த இரண்டு தொட்டிகள்

தம்பி,

அப்பா பெயருக்கு நீ எழுதிய கடிதத்துக்கு அம்மா நான் பதில் எழுதுகிறேன். அவர் அதை வாசலில் நின்றபடியே படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார். சாயந்திரம் வந்து கை கால் கழுவிய பிறகு அதை என்னிடம் நீட்டி, நீயே எழுதிவிடு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாய் திறக்க வேண்டிய வேலை எது வந்தாலும் இந்த வீட்டில் அது என் தலையில்தான் விழும். ஆகவே படி. நடுவில் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பாதே.

வேலை கிடைத்துப் போன ஊரில், பங்குக் கோவில் வாலிபர் சங்கத்துக்கு உன்னை விளையாட்டுச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். நோட்டீஸில் உன் பெயரை அச்சடிக்கப் போகிறார்களாம். சந்தோஷம். திருவிழா அன்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் என்னென்ன விளையாட்டு வைக்கலாம் என்று அப்பாவிடம் யோசனை கேட்டிருக்கிறாய். சின்ன வயதில் நம் கோவிலில் தொட்டித் தண்ணீரில் கத்தரிக்காய் கடித்து நீ முதல் பரிசு வாங்கினாயே, அதுதான் உன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று உருகியிருக்கிறாய். இதெல்லாம் பெரிய பெரிய எழுத்து. அதற்குக் கீழே, கடுகு மாதிரி எழுத்தில் நாலு வரி. சங்கத்தில் பிள்ளைகளைத் தெருவாரியாக இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக விளையாட வைக்கச் சொல்கிறார்கள், அப்பா அன்றைக்கு இரண்டு தொட்டி வைத்து ஒரு சச்சரவும் இல்லாமல் நடத்தினாரே, அந்த மாதிரி எப்படிச் செய்வது என்று. கடைசியில் ஒன்று: இங்கே என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தெருவாம். சாதி என்று எழுத உன் பேனா மறுத்துவிட்டதா? ஞானஸ்நானம் வாங்கிய கூட்டம் அந்த வார்த்தையைச் சொன்னால் பாவம், செய்தால் பாவமில்லை. தெருவாரியாக உட்காரலாம், பூசையில் தெருவாரியாக நன்மை அப்பம் வாங்கலாம், தெருவாரியாகப் புதைக்கலாம். இப்போது தெருவாரியாக விளையாடவும் ஒரு செயலாளரைப் பிடித்திருக்கிறார்கள். பிடிபட்டது என் பிள்ளை.

அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. நம் பங்கில் விளையாட்டுக் கமிட்டி என்று ஒன்று போட்டார்கள். எல்லாம் மேலத்தெருப் பெரிய மனிதர்கள், அதாவது வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போடுகிறவர்கள். தலைவர் ஞானாதிக்கம், ஏதோ ஒரு ஆபீஸில் ஹெட்கிளார்க். நம் கீழத்தெருவிலிருந்து ஒரே ஒரு ஆள், உன் அப்பா. அவரை ஏன் சேர்த்தார்கள் என்று நான் அன்றைக்கே கேட்டேன். பெஞ்சு தூக்க ஆள் வேண்டும், விசில் ஊத ஆள் வேண்டும், வேறென்ன? அவருக்கோ தலைகால் புரியவில்லை. ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு ஓடுவார். அங்கே இவருக்கு உட்கார நாற்காலி இருக்காது, கதவோரம் நிற்பார். வீட்டுக்கு வந்து, கமிட்டியில் இன்றைக்கு என்ன முடிவு செய்தோம் தெரியுமா என்று 'தோம்' போட்டுப் பேசுவார்.

அவர்கள் முடிவு செய்த லட்சணத்தையும் கேள். பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் சீமைக்குக் கப்பல் ஏறும்போது, விளையாட்டுகள் பற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. அது தலைவர் கையில் சிக்கியது. சுவிசேஷத்தைக்கூட அந்த மனிதர் அவ்வளவு பக்தியாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. அதில் பனிக்கட்டியை உருண்டை பிடித்து ஒருவர் மேல் ஒருவர் எறிகிற விளையாட்டு ஒன்று இருந்ததாம். திருச்சிராப்பள்ளி வெயிலில், ரோட்டுத் தார் காலில் ஒட்டுகிற ஊரில், பஞ்சை உருட்டி எறியலாமா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதே நேரத்தில் கோவில் மைதானத்தில் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தன. அதை ஒருவரும் விளையாட்டு என்று கணக்கில் எடுக்கவில்லை. புத்தகத்தில் இல்லையே!

திருவிழாவுக்கு முன்னால் ஒத்திகை மாதிரி ஒரு உல்லாசப் பயணம் வைத்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து கொள்ளிடத்து மணலுக்கு நடை. புத்தகத்தில் இருந்த புதையல் தேடும் விளையாட்டை ஆற்று மணலில் நடத்துவதாக ஏற்பாடு. தலைவரே விடியற்காலையில் போய் ஒரு பிஸ்கட் டின்னை மணலில் புதைத்து, பக்கத்தில் ஒரு குச்சியை அடையாளம் நட்டுவிட்டு வந்தார். யாரோ மாடு மேய்க்க வந்தவர்கள் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அத்தனை கொள்ளிடத்தில் எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் சலித்துப் போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டன. தலைவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உச்சி வெயில் வரைக்கும் நாய் மாதிரி தோண்டிக்கொண்டிருந்தார். அந்த டின் இன்னும் அங்கேதான் இருக்கும்.

திரும்பி வரும்போது எல்லோருக்கும் நா வறண்டுவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீதியில் தண்ணீர் கேட்டோம். ஒரு மாமி செம்போடு வந்து படியிலேயே நின்றுகொண்டு, "கையை ஏந்திக்கோங்கோ" என்று எட்ட இருந்து ஊற்றினார். நீயும் குடித்தாய், நானும் குடித்தேன், தலைவரும் தொண்டை நனையும் மட்டும் குடித்தார். குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறியதும் வந்தது பார் ரோஷம். மனிதனை மனிதனாக மதிக்கத் தெரியாத ஜனங்களாம், நம் வேதத்தில் இப்படி உண்டா என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை குமுறினார். அடுத்த கூட்டத்தில் அதையே பிரசங்கமாகச் செய்தார். உன் அப்பா கை தட்டியிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொன்னார்.

பிறகு திருவிழா விளையாட்டு. அந்தப் புத்தகத்தில், தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு ஆப்பிள் பழத்தை மிதக்க விட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வி எடுக்கிற விளையாட்டு இருந்தது. ஆப்பிள் வாங்க நாமென்ன ஜமீனா? காய்ச்சல்காரருக்கே அரைப்பழம். கொய்யாவைப் போட்டுப் பார்த்தார்கள், பாதி முழுகியது. எலுமிச்சை புளிக்கும் என்றார்கள். கடைசியில் உன் அப்பாதான் காம்பு கிள்ளிய கத்தரிக்காயைப் போட்டுக் காட்டினார். வாத்து மாதிரி மிதந்தது. தலைவர் அவர் முதுகில் தட்டினாராம். பச்சைக் கத்தரிக்காயைப் பிள்ளைகள் கடிக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. ஒரே தண்ணீரில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய வாயும் படுமே என்பதும் அத்தனை பெரிய மூளைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. சீமைப் புத்தகத்தில் இருக்கிற விளையாட்டு, சீமை மாதிரியே நடக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

திருவிழாப் பூசை முடிந்தது. கோவிலுக்குத் தென்புறம் ஒரு பெரிய துத்தநாகத் தொட்டியை வைத்து, கத்தரிக்காயை மிதக்க விட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். நான் துண்டோடு நின்றேன், முகம் துடைத்து விடுவது என்னை மாதிரிப் பள்ளிக்கூட டீச்சர்களுக்குக் கொடுத்த வேலை. நீ வரிசையில் மூன்றாவது. உனக்குப் பின்னால் தலைவருடைய மகன். தலைவர் மனைவிக்கு அப்போதுதான் கண் திறந்தது. அவர் கணவரிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். தலைவர் முகம் மாறியது. உன் அப்பாவைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். உன் அப்பாவைவிட அவர் வயதில் சிறியவர், அதைக் கவனித்துக்கொள். அவர் பேசியது நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

"நீ தப்பா எடுத்துக்காதப்பா. உங்க தெருப் பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு தொட்டி போட்டுடு. யார் யார்னு எனக்குத் தெரியல, உனக்குத்தான் தெரியும். நீயே பாத்து எடுத்து விட்டுடு."

பெஞ்சு தூக்கவும் விசில் ஊதவும் சேர்த்தார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்கும் மேலே ஒரு வேலை வைத்திருந்தார்கள். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் திருவிழாப் புதுச்சட்டையில் ஒன்று போலத்தான் இருந்தன. எது எந்தத் தெரு என்று பொறுக்கி எடுக்க, அந்தத் தெருக்காரனே ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டான்.

உன் அப்பா என்ன செய்தார்? கோவிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கலக்கிய தொட்டி ஒன்று பின்பக்கம் கிடந்தது. அதை இழுத்து வந்தார். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குழாயில் தண்ணீர் பிடித்தார், பாதிக் கத்தரிக்காயை அள்ளி அதில் போட்டார். பிறகு வரிசைக்கு வந்து, நம் தெருப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். முதலில் கூட்டிக்கொண்டு போனது உன்னை. அந்தப் பக்கம் கூட்டம் குறைச்சல், சீக்கிரம் உன் முறை வந்துவிடும் என்று சொன்னார். நீ குதித்துக்கொண்டு போனாய்.

நான் துண்டுகளைக் கீழே போட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அந்தத் துத்தநாகத் தொட்டிக்குப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன், முகம் முழுக்கத் தண்ணீரில் முக்கினேன், ஒரு கத்தரிக்காயைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்தேன். கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைப் பல்லால் கடித்து அவர்கள் எதிரிலேயே துப்பினேன். பிறகு தலைவர் சிரித்தார். "டீச்சருக்கும் விளையாட ஆசை வந்துடுச்சு போலிருக்கு" என்றார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

சிரித்து முடித்ததும் அவர் கண்ணைக் காட்டினார். இரண்டு வாலிபர்கள் வந்து தொட்டியைச் சாய்த்தார்கள். நான் வாய் வைத்த தண்ணீர் அத்தனையும் கோவில் சுவரோரம் ஓடியது. கத்தரிக்காயையும் விட்டு வைக்கவில்லை, கூட்டித் தள்ளினார்கள். தொட்டியைக் கழுவினார்கள். திரும்பத் தண்ணீர் நிரப்பினார்கள். சற்று முன்னால் பூசையில்தான் நானும் அந்தத் தலைவர் மனைவியும் ஒரே சாமியார் கையால் சற்பிரசாத அப்பம் வாங்கியிருந்தோம். அவர் விரல் என் நாக்கில் பட்டிருக்கும், அந்த அம்மாள் நாக்கிலும் பட்டிருக்கும். அதற்கு யாரும் தொட்டியைக் கழுவவில்லை. சாமியார் எங்கே என்கிறாயா? அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலில் இல்லை.

இந்தக் கழுவல் நடந்த நேரத்தில் உங்கள் தொட்டியில் விளையாட்டு முடிந்துவிட்டது. நீ முதல் பரிசு. தகரப் பென்சில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "அம்மா, உங்க முகமும் நனைஞ்சிருக்கே, நீங்களும் ஜெயிச்சீங்களா" என்று கேட்டாய். நான் என்ன சொல்லட்டும்? ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவை வறுத்து எடுத்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு பதில் சொன்னார். "பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க. அதைக் கெடுக்க மனசு வரல." இதற்கு நான் அன்றைக்கும் மசியவில்லை, இன்றைக்கும் மசிய மாட்டேன். பிள்ளை சிரிக்கிறது என்பதற்காக அதன் கையைப் பிடித்துக் குழியில் இறக்குவதா? அடுத்த வருஷமும் அந்தக் கமிட்டியில் போய்க் கதவோரம் நின்றார், அதுவும் எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. ஒரு எறும்பை மிதிக்க மாட்டார். அவர்களுக்கு அந்த மாதிரி ஆள்தான் தோதாக இருந்தது.

ஆகவே, தம்பி, ஒரு சச்சரவும் இல்லாமல் எப்படி நடத்தினார் என்று கேட்டாயே, இப்படித்தான் நடத்தினார். தொட்டியைக் கழுவத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளின் கையைப் பிடித்து நயமாக இழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், பெண்டாட்டி அவமானப்பட்டு நிற்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்து விசில் ஊதத் தெரிந்திருக்க வேண்டும். வேறொரு வித்தையும் கிடையாது.

உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்காவது ஒரு சாக்கு இருந்தது. அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் கதவோரம் நிறுத்தினார்கள். நீ என்ன செய்திருக்கிறாய்? சங்கத் தலைவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவர்கள் வீட்டில், அந்த அம்மாள் கை மீன் குழம்பு பிரமாதம் என்று போன கடிதத்தில் எழுதினாய். உன் பெயரில் தெரு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, நிறம் சிவப்பு, உத்தியோகம் ரயில்வே கிளார்க், இங்கிலீஷ் பேசுகிறாய். தங்கள் ஆள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நீ அந்த நினைப்பின் மேல் பாய் விரித்துப் படுத்துவிட்டாய். அவர்கள் கேட்கவில்லையாம், நீ சொல்லவில்லையாம். பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னபோதும் சொல்லவில்லை. சொன்னால் மாடி போகும், மீன் குழம்பு போகும், நோட்டீஸில் பெயர் போகும். இந்த மூன்றுக்காக, உன்னை மாதிரியே ஒரு மூன்றாம் வகுப்புப் பையனை வரிசையிலிருந்து இழுத்து விடுவதற்கு, அதைச் சிரித்துக்கொண்டே செய்வதற்கு என் புருஷனிடம் பாடம் கேட்கிறாய். தூ என்று வருகிறது. பெற்ற பிள்ளையாகப் போனாய், எழுத்தோடு நிறுத்துகிறேன்.

விளையாட்டு யோசனை கேட்டாய் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா திட்டுவதற்கு மட்டும்தான் லாயக்கு என்பாய். சடுகுடு வை. பிடிக்கிறவன் பிடிபடுகிறவனைக் கட்டிக்கொண்டு மண்ணில் உருள வேண்டும், எட்ட நின்று ஆட முடியாது. கயிறு இழுக்கும்போது ஒல்லி, குண்டு பார்த்துப் பிரி, வேறு எதையும் பார்க்காதே. கண்ணைக் கட்டி ஆளைத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்லும் விளையாட்டு வை. நாற்காலியைச் சுற்றி ஓடுவது வை, ஒருவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் இன்னொருவன் உட்காரட்டும். நடுவில் எல்லோருக்கும் பானகம் கொடு, ஒரே அண்டாவில். பிரசங்கம் எவனாவது செய்ய வந்தால் விசிலை ஊதிவிடு. தொட்டி வைப்பதானாலும் வை, ஆனால் ஒன்றுதான் வைக்க வேண்டும். பெற்றவர்கள் யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் போகட்டும். வெளியே போகிறவர்கள் அவர்களாக இருக்கட்டும்.

நேற்று வரை இவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன். இன்று மத்தியானம் உன் அப்பா வழக்கத்துக்கு விரோதமாகச் சீக்கிரம் வந்தார். உன் திருவிழாவுக்கு வர இரண்டு பேருக்கும் ரயில்வே பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எதற்கு என்றேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அவன் பிள்ளைங்களைப் பிரிக்கிறப்ப நான் எதிர்ல நிக்கணும்."

திருமணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பேசி எனக்கு வாயடைத்துப் போனது இதுதான் முதல் தடவை. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். உனக்குச் சொல்வதில் வெட்கம் என்ன?

திருவிழாவுக்கு முதல் நாள் சாயந்திர வண்டியில் வந்து இறங்குவோம். தலைவர் வீட்டம்மாள் மரியாதைக்கு என்னை உட்கார வைத்து, உங்களுக்குத் திருச்சியில் எந்தத் தெரு என்று கேட்பார். பெண்கள் அதைத்தான் முதலில் கேட்போம். நான் சொல்லிவிடுவேன், கூட்டிக் குறைத்துச் சொல்ல எனக்கு வராது. அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டிருந்தால் ஸ்டேஷனுக்கு வா, பெட்டியை வாங்கிக்கொள். சொல்லவில்லை என்றால் வராதே. நாங்கள் வழி விசாரித்துக் கோவிலுக்கு வந்துவிடுவோம். பெரியவர்களுக்கும் விளையாட்டு உண்டு என்று எழுதியிருக்கிறாய். வரிசையில் கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். நீ வந்து, நாங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் அம்மா